37-ஐ வைப்பதா, 52-ஐ வைப்பதா: பிக்கரல் பிடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு

போன மே மாதம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ரைஸ் ஏரியில் என்னோடு வள்ளத்தில் இருந்த தம்பிக்கு அன்றைக்கு மாட்டிய முதல் பிக்கரல் 52 செ.மீ. அளவுப் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதை விடவேணும் தம்பி" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அரை மணித்தியாலம் கழித்து 37 செ.மீ.யில் இன்னொன்று வந்தது. "இதை வைக்கலாம்."

"என்ன அண்ணை, பகிடியோ? வளர்ந்த மீனை விட்டுப்போட்டு குஞ்சைக் கொண்டுபோய்க் காய்ச்சுறதோ?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதற்குப் பிறகு இருவரும் நிப்பிசிங் ஏரிக்குப் போனோம். அங்கே எல்லாம் தலைகீழ். 52-ஐ வைக்கலாம், 37-ஐ விடவேண்டும். ஒரே மாகாணம், ஒரே மீன், நடுவில் சில மணித்தியாலக் கார் ஓட்டம். சட்டம் எழுதியவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தம்பி முடிவு கட்டிவிட்டார். இந்தக் கட்டுரை அவருக்காகத்தான்.

முதலில் பெயர். புத்தகத்தில் இந்த மீன் வோல்ஐ. ஒன்ராறியோவில் வாயில் வருவது பிக்கரல், கியூபெக்கில் டோரே. உண்மையான பிக்கரல், பைக் என்ற நன்னீர் மீனின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மீன். ஆனால் தூண்டில் கடையில் போய் அதைத் திருத்த முயன்றால் உங்களைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கல் வெளிச்சத்தில் இதற்கு நன்றாகப் பார்வை தெரியும். பொழுதுபடும் நேரம் கடிப்பதும் அதனால்தான். வால் நுனியின் கீழ்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். அடையாளம் பார்க்க அது போதும்.

எதை வைப்பது என்ற கேள்விக்கு வள்ளத்தில் நான்கு பதில் உண்டு. சட்டம் அனுமதிக்கும் மிகச் சிறியதை வைப்பது, நடுத்தரத்தை வைப்பது, பெரியதை வைப்பது, எல்லாவற்றையும் விட்டுவிடுவது. நான்கையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். நான்கும் சமமில்லை.

பெரிய மீன்

எங்கள் ஆட்களுக்கு இதுதான் முதல் ஆசை. ஊரில் பாரையோ அறக்குளாவோ பெரிதாகக் கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுவரும்போதே ஒழுங்கையில் நாலு பேர் பார்க்கவேண்டும். அந்தப் பழக்கம் கடல் கடந்தும் கூட வந்துவிட்டது. நானும் கனடா வந்த இரண்டாம் வருஷம் ஒன்ராறியோ ஏரியின் குவின்ரே குடாவில் ஐப்பசி முடிகிற நேரம் 68 செ.மீ. மீன் ஒன்றைப் பிடித்துக் கொண்டுவந்தேன். மூன்று கிலோவுக்கு மேல். படம் எடுத்தோம், தீயல் வைத்தோம். சதை திரண்டிருந்தது, ஆனால் சவசவ என்று நாரோடியிருந்தது. இந்த மீனுக்கே உள்ள மெல்லிய இனிப்பு அதில் இல்லை. புளியும் தூளும்தான் அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றின.

சுவையை விடுங்கள், அது நாக்குக்கு நாக்கு மாறும். பெரிய மீனுக்கு எதிரான பலமான வாதம் வேறு. பிக்கரலில் ஆண் அவ்வளவு பெரிதாக வளராது. 55 செ.மீ.க்கு மேல் நீங்கள் தூக்குவது அனேகமாகப் பெண் மீன்தான். ஒரு கிலோ உடலுக்கு 50,000 முட்டைக்கு மேல் போடக்கூடியது அது. என்னுடைய 68 செ.மீ. மீன் அடுத்த வசந்தத்தில் பாறைத் திட்டில் ஒன்றரை லட்சம் முட்டைக்கு மேல் போட்டிருக்கும். வயதான பெண்ணின் முட்டை பொதுவாகப் பருமனானது, அதிலிருந்து வரும் குஞ்சு பிழைக்கும் வாய்ப்பும் அதிகம். பிக்கரல் கூடு கட்டாது, குஞ்சைக் காவல் காக்காது. பனி உருகியதும் தண்ணீர் 6 முதல் 10 பாகை வெப்பத்தில் இருக்கும்போது கல்லுக்கு மேல் முட்டையைச் சிந்திவிட்டுப் போய்விடும். எண்ணிக்கைதான் அதன் ஒரே தந்திரம். அந்த எண்ணிக்கையைத் தருவது பெரிய பெண் மீன்.

இனி பாதரசம். பிக்கரல் மீன் தின்னும் மீன். சிறு உயிரில் இருக்கும் பாதரசம் அதைத் தின்னும் சின்ன மீனுக்கு, அதைத் தின்னும் பேர்ச்சுக்கு, பேர்ச்சைத் தின்னும் பிக்கரலுக்கு என்று படிப்படியாகக் கூடிக்கொண்டே வரும். வருஷம் போகப் போகச் சதையில் சேரும். தோலை உரித்தாலும் கொழுப்பை வெட்டி எறிந்தாலும் போகாது, ஏனென்றால் அது தங்குவது நாம் தின்னும் சதையிலேயே. பிசிபி போன்ற மற்ற இரசாயனங்கள் கொழுப்பில் தங்குபவை. அவற்றுக்குத்தான் தோலும் கொழுப்பும் அகற்றும் வைத்தியம் பலிக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு, மாகாணத்தின் வடமேற்கில் கிராஸி நரோஸ் என்ற பழங்குடி மக்களின் கிராமத்தைச் சொல்லலாம். டிரைடன் என்ற பட்டணத்தில் இருந்த கடதாசி ஆலை 1960களில் ஆற்றில் டன் கணக்கில் பாதரசத்தைக் கொட்டியது. அந்த மக்களின் அன்றாடச் சாப்பாடே பிக்கரல். 1970-இல் மீன்பிடித் தொழில் அங்கே மூடப்பட்டது. உடம்பில் ஏறிய நஞ்சை அந்தச் சமூகம் இன்றைக்கும் சுமக்கிறது. நம்முடைய ஏரிகள் அந்த நிலையில் இல்லை. ஆனாலும் பெரிய மீனில் கூடுதல், சின்ன மீனில் குறைவு என்ற விதி எல்லாத் தண்ணீருக்கும் ஒன்றுதான்.

ஒன்ராறியோ அரசு ஏரி ஏரியாக, மீன் மீனாக, 5 செ.மீ. படிகளாகப் பிரித்து, மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. இணையத்தில் வரைபடத்தில் ஏரியைத் தொட்டாலே வரும். இரண்டு வரிசை இருக்கும். ஒன்று பொதுவானவர்களுக்கு, மற்றது பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும். இரண்டாவது வரிசையைப் பார்த்துவிட்டுச் சட்டியை அடுப்பில் வையுங்கள். ஒரு வேளை என்பது அங்கே 227 கிராம். எங்கள் வீட்டில் ஒருவர் விருந்தில் தின்பது அதைவிடக் கூட.

ஆக, குடும்பத்துக்கு ஊட்டுவதற்காகப் பெரிய மீனை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குவின்ரேயில் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நாளுக்கு நான்கு மீன், அதில் 63 செ.மீ.க்கு மேல் ஒன்று மட்டும். ஆழ்ந்த தண்ணீரில் கோடையைக் கழித்துவிட்டு இலையுதிர் காலத்தில் குடாவுக்குத் திரும்பி வரும் பெண் மீன்கள்தான் அங்கே எல்லாரையும் இழுப்பது. பிடியுங்கள், படம் எடுங்கள், விடுங்கள்.

சின்னது நான்கா, நடுத்தரம் இரண்டா

உண்மையான தெரிவு இங்கேதான். பேசும்போது பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் இடமும் இதுதான்.

36 செ.மீ. பிக்கரல் கிட்டத்தட்ட 450 கிராம் நிறுக்கும். 46 செ.மீ. மீன் ஒரு கிலோ. நீளத்தில் வித்தியாசம் 10 செ.மீ.தான், நிறை இரண்டு மடங்கு. மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை, உயரத்திலும் தடிப்பிலும் சேர்ந்தே வளர்கிறது. ஆகையால் நீளம் காற்பங்கு கூடினாலே நிறை இரட்டித்துவிடும். எலும்பும் தலையும் குடலும் போக, தோலுரித்த சதை பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். நாலு சின்ன மீனில் கிடைக்கும் சதையை இரண்டு நடுத்தர மீன் தரும், கொஞ்சம் கூடவே தரும். வெட்டுகிற வேலையும் பாதி. கத்தி பழகாதவர் 36 செ.மீ. மீனை எலும்பில்லாமல் அரிந்தால் சதையில் பாதி எலும்போடுதான் போகும். தம்பி வைத்த முதல் மீனை அவர் அரிந்தபோது பார்த்தேன். பூனைக்கு நல்ல விருந்து.

இரண்டு உயிர் எடுப்பது நாலு உயிர் எடுப்பதைவிட நல்லது என்று உடனே முடிவு கட்டவும் ஏலாது. ஏரியின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு. சின்ன மீனில் கணிசமானவை நாம் பிடிக்காவிட்டாலும் பைக்குக்கோ நீர்க்காகத்துக்கோ போகவேண்டியவை. 46 செ.மீ. மீன் அந்தக் கண்டங்களையெல்லாம் தாண்டி வந்தது. அது பெண்ணாக இருந்தால் முதல்முறை முட்டை போடப்போகிற, அல்லது இப்போதுதான் போட்டு முடித்த மீன். ஆண் பிக்கரல் இதைவிடச் சின்னதிலேயே, சில ஏரிகளில் 35 செ.மீ.க்கு முன்னரே, பருவத்துக்கு வந்துவிடும். வெளியில் பார்த்து ஆண் பெண் சொல்வது முட்டையிடும் காலம் தவிர மற்ற நாளில் முடியாத காரியம்.

அப்படியானால் சின்னதை எடுத்து நடுத்தரத்தைக் காப்பதுதானே புத்தி? நிப்பிசிங் ஏரியில் அதைத்தான் செய்தார்கள். 1999 முதல் அங்கே 40 முதல் 60 செ.மீ. வரை உள்ள பிக்கரலை வைக்கக் கூடாது என்று விதி இருந்தது. முட்டையிடும் மீனைக் காப்பாற்ற வந்த நல்ல எண்ணம். ஆனால் 60-க்கு மேல் மீன் எத்தனை பேருக்கு மாட்டும்? வந்தவர்கள் எல்லாரும் 40-க்குக் கீழ் உள்ளதையே அள்ளினார்கள். முட்டையிடும் மீன் பாதுகாப்பாக இருந்தது, அந்த இடத்துக்கு வரவேண்டிய இளம் மீன் குறைந்துகொண்டே போனது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. 2014-இல் விதியைத் தலைகீழாக்கினார்கள். 46 செ.மீ.க்குக் குறைந்தது எல்லாம் திரும்ப ஏரிக்கு, நாளுக்கு 2 மீன். ஒவ்வொரு மீனும் குறைந்தது ஒரு முறையாவது முட்டை போட்டுவிட்டுச் சட்டிக்கு வரட்டும் என்பது கணக்கு.

ரைஸ் ஏரி உட்பட்ட கவார்த்தா ஏரிகள் இருக்கும் 17ஆம் மீன்பிடி வலயத்தில் வைக்கக்கூடியது 35 முதல் 50 செ.மீ. வரை. அதற்கு வெளியே இரண்டு பக்கமும் விடவேண்டும். இந்த ஏரிகள் தெற்கில் இருப்பவை. தண்ணீர் சூடு, மீன் வேகமாக வளரும். வடக்கில் ஆறேழு வருஷம் எடுக்கும் நீளத்தை இங்கே மூன்று நான்கு வருஷத்தில் எட்டிவிடும். ஆனால் பிக்கரலுக்கு இங்கே காலம் கெட்டுவிட்டது. ஸீப்ரா மட்டி வந்து தண்ணீரை வடிகட்டித் தெளிய வைத்தது. தெளிந்த தண்ணீர் நமக்கு அழகு, மங்கலில் வேட்டையாடும் மீனுக்குக் கேடு. பாஸ், புளூகில், கறுப்புக் கிரப்பி என்ற வேறு மீன்கள் பெருத்தன. ஆகவே பெரிய பெண்ணையும் காப்பது, குஞ்சையும் காப்பது, நடுவில் ஒரு சாளரத்தைத் திறந்து விடுவது. தம்பியின் 52 அந்தச் சாளரத்துக்கு இரண்டு செ.மீ. வெளியே நின்ற மீன்.

ஏரியின் விதியைப் படிப்பது வைத்தியரின் அறிக்கையைப் படிப்பது மாதிரி என்று நான் நினைப்பது அதனால்தான். குறைந்த அளவு மட்டும் போட்டிருந்தால் இளம் மீனுக்குத் தட்டுப்பாடு. நடுவில் சாளரம் என்றால் இரண்டு முனையிலும் கவலை. பெரியதில் ஒன்று மட்டும் என்றால் ஏரி ஓரளவு சுகமாக இருக்கிறது. ரொறன்ரோவுக்குக் கிட்டவே இருக்கும் ஸ்கூகொக் ஏரியில் 2016 முதல் பிக்கரல் வருஷம் முழுக்கத் தடை. அங்கே எதை வைப்பது என்ற கேள்வியே இல்லை. தடை தெரியாமல் அங்கே பிக்கரல் தேடிப் போகும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சட்டம் சொல்வது எல்லை. அந்த எல்லைக்குள் எதை எடுப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது. கவார்த்தாவில் நான் எடுப்பது 40 முதல் 46 வரை, அதுவும் இரண்டு. நாலு வைக்கலாம் என்பதற்காக நாலு வைத்த காலம் போய்விட்டது. உறைபெட்டியில் மூன்று மாதம் கிடந்த பிக்கரலுக்கும் கடை திலாப்பியாவுக்கும் சுவையில் பெரிய வித்தியாசம் இல்லை. குவின்ரேயிலும் அதே அளவைத்தான் தேடுவேன், அங்கே 50 வந்தாலும் மனம் உறுத்தாது. நிப்பிசிங்கில் 46-க்கும் 52-க்கும் நடுவில் ஒன்று கிடைத்தால் தூண்டிலைச் சுற்றிவிடுவேன்.

எல்லாவற்றையும் விட்டால்?

பிடித்து விடுவது பாவமில்லாத வழி என்று ஒரு எண்ணம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. மினசோட்டா மாநிலத்தின் மில் லாக்ஸ் ஏரியில் நடந்ததைக் கேட்ட பிறகு அது கொஞ்சம் தளர்ந்துவிட்டது. பிக்கரல் குறைந்துபோனதால் 2016-இல் அங்கே ஒன்றைக்கூட வைக்கக் கூடாது என்றார்கள், பிடித்து விட மட்டும் அனுமதி. அடுத்த வருஷம் ஜூலையில் அதையும் சில வாரம் நிறுத்தினார்கள். தண்ணீர் சூடாக இருக்கும் மாதத்தில், விட்ட மீனில் ஒரு பகுதி செத்துப்போகிறது. அந்தச் சாவையும் ஏரியின் கணக்கில் எழுத வேண்டியிருந்தது.

காரணம் மீனின் உடம்பிலேயே இருக்கிறது. பிக்கரலின் காற்றுப்பை வாயோடு தொடர்பில்லாத மூடிய பை. பத்து மீற்றர் ஆழத்திலிருந்து மளமளவென்று இழுத்தால் உள்ளே காற்று விரிந்து, கண் பிதுங்கி, சில வேளை வயிறு வாய்வழி தள்ளி வந்துவிடும். அதை ஏரியில் போட்டால் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும், நீர்ப்பறவைக்கு வசதி. ஆழத்தில் மீன் பிடிக்கிற நாளில் விதிக்குள் வரும் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு தூண்டிலைச் சுற்றிவிடுவதுதான் நேர்மை. பெரியது வரும் வரும் என்று பதினைந்து மீனை மேலே இழுத்து விடுபவர், இரண்டை வெட்டித் தின்றவரைவிட ஏரிக்கு அதிக சேதம் செய்திருக்கக்கூடும்.

புழு அல்லது உயிர் மீன் கோத்த தூண்டிலைத் தொண்டைக்குள் விழுங்கிவிட்டால் குறட்டால் குடையவேண்டாம். நூலைக் கிட்ட வெட்டிவிட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கி வைத்தால் இந்தத் தொல்லையே குறையும். படம் எடுப்பதென்றால் மீன் தண்ணீருக்குள் இருக்கும்போதே கைபேசியைத் தயாராக வையுங்கள். மாமாவுக்கு அனுப்ப நல்ல கோணம் தேடுவதற்குள் மீன் மூச்சு முட்டிவிடும்.

அளவெடுப்பது

வாயை மூடி, வாலின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து, கூடுதலாக எவ்வளவு நீளம் வருமோ அதுதான் ஒன்ராறியோவில் கணக்கு. வாலை விரித்து அளந்தால் ஒன்றிரண்டு செ.மீ. குறைந்துவிடும். 51-ஐ 50 என்று நம்பி வைத்துவிட்டு அதிகாரியிடம் மாட்டுவது இப்படித்தான். என் பலகையில் 35, 46, 50, 63 என்று நாலு இடத்தில் நிறநாடா ஒட்டியிருக்கிறேன். பருவத்துக்கு முன் அந்த வருஷத்து மீன்பிடி விதிச் சுருக்கப் புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், விதி மாறுவது உண்டு.

இன்னொன்று. அளவு விதி உள்ள ஏரிக்கரையில் மீனை அரிந்து சதையாக்கிப் பெட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. வழியில் மறித்தால் எத்தனை மீன், என்ன மீன், என்ன நீளம் என்று அதிகாரி பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். முழு மீனாகவே ஐஸில் வைத்துக்கொண்டு வாருங்கள். அதில் ஒரு இலாபமும் உண்டு. தலையோடு வந்தால்தான் கன்னச்சதை கிடைக்கும். 36 செ.மீ. மீனில் அது கடலை அளவு, எடுத்து மினக்கெடத் தேவையில்லை. 46-இல் கட்டைவிரல் நகமளவு வரும். உப்பும் மஞ்சளும் மிளகும் பிரட்டி நல்லெண்ணெயில் ஒரு நிமிஷம் பொரித்தால் போதும். தம்பி வீட்டில் போன முறை அந்த நாலு துண்டும் மேசைக்கு வரவில்லை. அடுப்படியிலேயே முடிந்துவிட்டது.